மண்ணுக்கும் பசி உண்டு!

தாமிரபரணி விவசாயி எதிர்நோக்கும் பிரச்சினை

நெல்லைச் சீமையின் உயிர் தாமிரபரணி.

பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் முதலாவது, ஸ்ரீவைகுண்டம் கடைசி. இவற்றின் தண்ணீரால் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையும்.

தண்ணீருக்கு முன்னோர் அணை கட்டி வைத்தார்கள். மண்ணுக்கு என்ன வைத்தார்கள்?

ஆடும் மாடும் கொடுத்த உரம்

தொழுவத்துக் குப்பையை வண்டி வண்டியாக வயலில் கொட்டினார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டார்கள். கொளுஞ்சி விதைத்து, அதையே மடக்கி உழுதார்கள். வேம்பு, பூவரசு, எருக்குத் தழைகளைச் சேற்றில் மிதித்தார்கள்.

இவை மக்கி மண்ணோடு கலந்தன. மக்கு நிறைந்த மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் மண்புழுவும் அதில் வாழும்.

யூரியா வந்தது

1966-ல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்தது. அதன் பிறகு புதுப்புது ரகங்கள் வந்தன. 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் அம்பை 16 ரகத்தைக் கொடுத்தது. புது ரகங்கள் உரத்தை வாங்கிக்கொண்டு அதிகமாக விளைந்தன. நாட்டில் அரிசிப் பஞ்சம் தீர்ந்தது. இதை மறுக்க முடியாது.

விவசாயி யூரியாவை ஏன் விரும்பினார்? கணக்குப் பாருங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அரசாங்க மானியத்தால் மூட்டை விலை சுமார் 267 ரூபாய்தான். அதே தழைச்சத்து வேண்டுமானால் 4 டன் தொழு உரம் வேண்டும்! டிராக்டர் வந்த பிறகு வீட்டில் மாடும் இல்லை. குப்பைக்கு எங்கே போவது?

ஆனால் யூரியா பயிருக்குத்தான் சோறு போடுகிறது. மண்ணில் மக்கைச் சேர்ப்பதில்லை. அளவுக்கு மீறிப் போட்டால் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். புகையான் பூச்சிக்கு அதுவே விருந்து! கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும்.

100 கிலோ மண்ணில் அரைக் கிலோ கரிமச்சத்துகூட இல்லாவிட்டால், வளம் 'குறைவு' என்று மண் பரிசோதனை நிலையத்தில் எழுதித் தருகிறார்கள்.

இலங்கை கற்ற பாடம்

அப்படியானால் ரசாயன உரத்தை நாளைக்கே நிறுத்திவிடலாமா?

இலங்கையில் 2021-ல் அப்படித்தான் செய்தார்கள். ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை நீங்கியது.

பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த மண், ஒரே போகத்தில் தேறாது. அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்.

இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். அதை விட்டு விலகி, நெல்லை மாவட்டம் களக்காட்டில் கிராம மக்களோடு உழைத்தார். 2013-ல் மறையும் வரை ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வழி சொன்னார்.

சோறு ருசிக்குமா?

"இயற்கை அரிசியில் சத்து அதிகமா?" என்று வீட்டில் பெண்கள் கேட்கிறார்கள்.

பூச்சி மருந்து தெளிக்காத நெல்லில் மருந்தின் மிச்சம் இருக்கும் பயம் குறைவு. இது பெரிய நன்மை. ஆனால் ருசியும் சத்தும் உரத்தைவிட நெல்லின் ரகத்தையும், அரைக்கும் முறையையும் பொறுத்தவை. எந்த உரத்தில் விளைந்தாலும், வெள்ளை வெளேரென்று தீட்டினால் 'பி' வைட்டமின் தவிட்டோடு போய்விடும். நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கல் அரிசியின் சிறப்பு இதுதான்.

யார் தலையில் பாரம்?

இயற்கை அரிசி என்று விற்க அங்ககச் சான்று வேண்டும். நெல் போன்ற பயிருக்கு, சான்று கிடைக்கும் முன் குறைந்தது 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம். விலையோ சாதாரண நெல்லின் விலைதான்.

சொந்த நிலம் உள்ளவர் ஒருவாறு தாங்குவார். குத்தகைக்கு உழுபவர்? அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்பதே அவருக்குத் தெரியாது. பிறர் மண்ணை வளமாக்க அவர் தன் பிள்ளைகளைப் பட்டினி போட முடியுமா?

தமிழக அரசாங்கம் 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024-ல் பசுந்தாள் உர விதை கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. நல்ல தொடக்கம். குத்தகை விவசாயிக்கும் அது போய்ச் சேர வேண்டும். நஷ்டம் வரும் ஆண்டுகளில் அவருக்குக் கைகொடுக்க வழி வேண்டும்.

விவசாயியும் இன்றே ஒன்று செய்யலாம். பிசானம் அறுவடைக்கும் கார் நடவுக்கும் இடையே வயல் சும்மா கிடக்கிறது. கோடை மழை பெய்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழலாம். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்கலாம். செலவும் குறையும், மண்ணும் தேறும்.

மாடு பசித்தால் கத்தும். பிள்ளை பசித்தால் அழும். மண்ணுக்கு வாய் இல்லை. அதன் பசியை நாம்தான் அறிந்து தீர்க்க வேண்டும்.