திகதி கிட்டிய கோழியும் மறைக்காத விலையும்

காலாவதித் திகதி கிட்டிய இறைச்சியை விலை குறைத்து விற்பது சரியா, அதை வாங்குவது புத்தியா என்று சென்ற ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு ஹோட்டல் முதலாளி என்னிடம் கேட்டார். இரண்டும் சரி என்பதே எனது அபிப்பிராயம். ஆனால், விலை ஏன் குறைந்தது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு கோழி வாங்கியவர் அரைக்கோழி கேட்ட காலம். என் கடைப் பிரீசரில் திகதி முடிய மூன்று நாளே இருந்த 14 பக்கெட்டுகள் தேங்கிவிட்டன. "மேலுக்கு வைப்போம் முதலாளி, யாரு திகதி பாக்கிற?" என்றான் கடைப்பையன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த எண்ணம் வந்தது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் பயான்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? மட்டையில் "வெள்ளி திகதி முடிகிறது, 30 வீதம் குறைவு" என்று எழுதித் தொங்கவிட்டேன். மறுநாள் அஸருக்கு முன் எல்லாம் முடிந்தது. இலாபமில்லை. ஆனாலும் போட்ட முதலில் பெரும்பகுதி திரும்பியது. குப்பைக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை.

ஆனால், நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு தாய், "இதுக்கு முந்தியும் இப்படிக் கோழி இருந்திருக்குமே நாநா, அப்ப மட்டை தொங்கல்லியே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வாங்குபவருக்கும் கணக்கொன்று உண்டு. 1,200 ரூபா கோழி 840 ரூபாவுக்குக் கிடைத்தாலும், அன்றே சமைக்காமலோ பிரீசரில் போடாமலோ விட்டால் அந்த 360 ரூபா மிச்சமல்ல. குளிரூட்டிய கோழியைத் திகதி முடியுமுன் வீட்டில் உறைய வைத்துவிட்டால் கிருமி பெருகாது. அதேவேளை, இருக்கும் கிருமி சாகவும் மாட்டாது. ஆகவே உருக வைப்பது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும், மேசை மேல் அல்ல. கடைக்காரருக்கோ இந்தச் சலுகை கிடையாது. திகதி முடிந்ததை உறைய வைத்து விற்றாலும் அது குற்றமே.

திகதியை மட்டும் நம்புவதும் பிழை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. எத்தனை பிரீசர்களில் இறைச்சி உருகி மீண்டும் உறைந்ததோ! அச்சடித்த திகதிக்கு அது தெரியாது. பக்கெட்டின் அடியில் இளஞ்சிவப்பு ஐஸ் கட்டியிருந்தால், துண்டுகள் ஒரே பாறையாக ஒட்டியிருந்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

ஹோட்டல் முதலாளி கடைசியாக, "திகதியை பில்லில் எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். தனக்கு வழமையாக இறைச்சி தருபவரிடமும் இனி அப்படியே கேட்கப் போவதாகச் சொல்லிச் சென்றார்.