ஜெனரேட்டர் வாங்கியாச்சு, கேஸ் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில், குறிப்பாக டெக்ஸாஸில், வீட்டு ஜெனரேட்டர் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், டீசலைக் கேனில் சேமிக்க வேண்டாம், பூமிக்கடியில் குழாயில் இயற்கை எரிவாயு வந்துகொண்டே இருக்கும், கரண்ட் போன சில விநாடிகளில் பெட்டி தானாக உயிர்பெறும், அப்புறம் மின்வாரியத்தைப் பற்றிய கவலையே இல்லை!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் வியாபாரம் இருக்கிறது.

நம்மூரில் கடை வாசலில் புகை கக்கிக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டர் வேறு, இது வேறு. வீட்டுச் சுவரோரம் கான்கிரீட் மேடையில் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி போல உட்கார்ந்திருக்கும். அடுப்புக்கும் வெந்நீருக்கும் வரும் அதே கேஸ் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து இதற்குக் கொடுப்பார்கள். அந்தக் கிளையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் முதல் ஏமாற்று.

கணக்கு ரொம்பக் கடினமானதில்லை. பரவலாக விற்கும் 22 கிலோவாட் பெட்டி முழுச் சுமையில் மணிக்கு 300 கன அடிக்கும் மேல் கேஸ் குடிக்கும். ஒரு கன அடி கேஸில் ஏறத்தாழ 1,000 பி.டி.யு. வெப்பம் என்றால், 3 லட்சம் பி.டி.யு.வுக்கும் மேல். அதே வீட்டில் குளிர்காலத்துக்கு ஒரு ஃபர்னஸ் (சுமார் 1 லட்சம்), தொட்டி இல்லாத வெந்நீர்க் கருவி (பெரியது என்றால் 2 லட்சம்), நாலு பர்னர் அடுப்பு (60,000 போல) இருக்கிறது. எல்லாம் சேர்ந்து மணிக்கு 650 கன அடியைத் தாண்டும். ஆனால் சாதாரண வீட்டு வாசலில் நிற்கும் கேஸ் மீட்டரோ பல இடங்களில் 250 கன அடிக்கானது! மீட்டரை மாற்றாமல் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போவது, இரண்டு பேர் குடிக்கிற குடத்தில் பத்துப் பேருக்குப் பந்தி வைப்பது மாதிரி.

மீட்டரை விடுங்கள், குழாய்க்கு வாருங்கள். வீட்டுக்குள் வரும் கேஸின் அழுத்தம் வழக்கமாக 7 அங்குல உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ஊதினால் வருகிற அளவு. இவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் ஓடும்போது குழாயின் நீளமும் விட்டமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. பிளம்பர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி, முக்கால் அங்குல இரும்புக் குழாய் 10 அடி தூரத்துக்கு மணிக்கு 360 கன அடி கொண்டுபோகும். அதே குழாய் 60 அடி ஓடினால் 140கூடத் தேறாது. ஒரு அங்குலக் குழாயும் 60 அடியில் 260 அளவில் நின்றுவிடும். ஒன்றே கால் அங்குலம் போட்டால்தான் ஜெனரேட்டருக்கு மூச்சு விட இடம் இருக்கும். மீட்டர் வீட்டின் ஒரு மூலையிலும் ஜெனரேட்டர் எதிர் மூலையிலும் இருப்பது சர்வசாதாரணம். நடுவில் இருக்கும் குழாயின் விலையைச் சேர்த்தால் மொத்த விலை ஏறிவிடும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே அடுப்புக்குப் போகும் குழாயிலேயே ஒரு டீ போட்டு இழுத்துவிட்டுக் கைகுலுக்குகிறார்கள்.

மாட்டிக்கொள்ள மாட்டார்களா என்றால், மாட்ட மாட்டார்கள். அதுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம். இந்தப் பெட்டிகள் வாரம் ஒருமுறை தானாக ஐந்து பத்து நிமிடம் ஓடிப் பார்த்துக்கொள்ளும். அப்போது அதன் மேல் வீட்டுச் சுமை எதுவும் இருக்காது, அதனால் கேஸும் கொஞ்சம்தான் இழுக்கும். பச்சை விளக்கு எரியும். வீட்டுக்காரர் நிம்மதியாகக் காபி குடிப்பார். மூன்று வருடம் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நான்காவது வருடம் உறைபனி இரவில் கரண்ட் போகும்போது ஃபர்னஸ், வெந்நீர், அடுப்பு, ஜெனரேட்டர் நான்கும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். அழுத்தம் விழும். எஞ்சின் திக்கித் திணறி நிற்கும், சில வீடுகளில் ஃபர்னஸையும் சேர்த்து அணைத்துவிட்டு நிற்கும். ஆக, ஜெனரேட்டர் இல்லாமலே இருந்திருந்தால்... வேண்டாம், இல்லாவிட்டாலும் ஃபர்னஸின் விசிறிக்குக் கரண்ட் கிடையாது.

அந்த விசிறிக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? சில நூறு வாட். ஃபர்னஸ், ஃப்ரிட்ஜ், சில விளக்குகள், ஆக்ஸிஜன் கருவி இருந்தால் அது. உயிர் பிழைக்க இரண்டு மூன்று கிலோவாட் தாராளம். 22 கிலோவாட்டை வைத்துக்கொண்டு அலைவது முழு வீட்டு ஏ.சி.யையும் நீச்சல் குள மோட்டாரையும் சேர்த்து ஓட்டத்தான். சின்னப் பெட்டி என்றால் பழைய மீட்டரும் குழாயும்கூடச் சில வீடுகளில் போதும். ஆனால் சின்னப் பெட்டியில் லாபமும் சின்னது.

சரி, ஒருவர் நேர்மையாக எல்லாம் செய்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். மீட்டரை மாற்றிவிட்டார், தடித்த குழாய் போட்டுவிட்டார், பர்மிட் வாங்கிக் கசிவு சோதனையும் செய்துவிட்டார், ஜன்னலிலிருந்து 5 அடி தள்ளியும் வைத்துவிட்டார். இப்போதாவது மின்கட்டமைப்பிலிருந்து விடுதலையா?

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸில் நடந்தது இதற்குப் பதில். பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மாநில அரசின் சொந்தக் கணக்கிலேயே 246 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் குளிரில், சிலர் கார்பன் மோனாக்ஸைடில், சிலர் மருத்துவக் கருவிக்குக் கரண்ட் இல்லாமல். கரண்ட் ஏன் போனது? காற்றாலை உறைந்தது என்று சில அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் முழங்கினார்கள். மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை அந்த நவம்பரில் வந்தபோது, எதிர்பாராமல் நின்ற மின் உற்பத்தி அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை என்று இருந்தது. கிணறுகள் உறைந்தன. உறையாத இடங்களில் கேஸைத் தள்ளும் இயந்திரங்களுக்கும் வயல்களுக்கும் வரும் மின்சாரத்தையே வெட்டிவிட்டார்கள்! முக்கிய நுகர்வோர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவத்தைப் பல நிறுவனங்கள் நிரப்பிக் கொடுக்கவே இல்லையாம். கேஸ் இல்லாமல் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாமல் கேஸ் இல்லை. மாநிலத்தின் கேஸ் உற்பத்தி சில நாட்களில் ஏறத்தாழப் பாதியாக விழுந்தது.

ஆகவே குழாய் என்பது மின்கட்டமைப்புக்கு மாற்று என்று யாராவது சொன்னால், அது அந்தக் கட்டமைப்பின் இன்னொரு வால் என்று பதில் சொல்லலாம். இது 2021இல் புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. 2011 பிப்ரவரியிலும் இதே டெக்ஸாஸில் குளிர், மின்வெட்டு, கேஸ் உற்பத்தி வீழ்ச்சி. பக்கத்து நியூ மெக்ஸிகோவில் 30,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கேஸ் குழாய் காலியானது. கரண்ட்டை ஒரு சுவிட்சில் திருப்பித் தரலாம். கேஸை அப்படித் தர முடியாது. ஒவ்வொரு வீடாக ஆள் போய் வால்வை மூடி, குழாயை நிரப்பி, அடுப்பைப் பற்றவைத்துத் தர வேண்டும். நாட்கணக்கில் ஆனது.

"ஆனால் 2021இல் பெரும்பாலான வீடுகளுக்கு கேஸ் வந்ததே, ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்களே" என்பார்கள். வந்தது, உண்மை. எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேஸைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்கு அங்கே ரயில்ரோடு கமிஷன் என்று பெயர் (ரயிலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை). அது பிப்ரவரி 12 அன்று போட்ட அவசர உத்தரவில் வீடுகள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்கு முதலிடம், மின் நிலையங்களுக்கு இரண்டாவது இடம். மனிதர்கள் குளிரில் விறைக்கக் கூடாது என்பதற்காகத் தந்த முன்னுரிமை அது. அந்த முன்னுரிமைக் குழாயில்தான் 22 கிலோவாட் பெட்டிகளும் வாய் வைத்தன. கேஸ் நிறுவனங்களோ வாடிக்கையாளர்களிடம் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தன.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது, விற்பனையாளர் வாயிலிருந்து இது ஒருபோதும் வராது. நவீன எரிவாயு மின் நிலையம் ஒன்று கேஸின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் மின்சாரமாக மாற்றும். வீட்டுப் பெட்டி முழுச் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு, அரைச் சுமையில் அதற்கும் கீழே. ஒரு தெருவுக்கே பயன்பட்டிருக்கக்கூடிய கேஸ் ஒரு சில வீட்டு முற்றங்களில் சத்தமாகவும் சூடாகவும் கரைகிறது. பல ஆயிரம் டாலர் செலவழித்து வாங்க முடிந்தவர் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. நாலு தெரு தள்ளி வாடகை அபார்ட்மெண்டில் இருப்பவர் காருக்குள் உட்கார்ந்து குளிர் காய்கிறார்.

என் பணம், என் ஜெனரேட்டர் என்று வாங்கியவர் கோபப்படுவது நியாயமே. அவர் மேல் தப்பில்லை. அரசு கைவிட்டதால்தான் வாங்கினார். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தபோது இந்தப் பெட்டிகள் ஒழுங்காகவே உதவின. மரம் விழுந்து கம்பி அறுந்தால் பூமிக்கடியில் உள்ள குழாய்க்கு ஒன்றும் ஆகாது. சூறாவளிக்கு இது நல்ல மருந்து. அந்த மருந்தையே உறைபனிக்கும் எழுதிக் கொடுப்பதுதான் மோசடி.

வீட்டில் ஆக்ஸிஜன் கருவியை நம்பி ஒருவர் இருக்கிறார் என்றால், குழாய் வற்றினாலும் ஓடக்கூடிய ஒன்று கூடவே வேண்டும். முற்றத்தில் ஒரு புரொப்பேன் தொட்டி, அல்லது சில மணி நேரம் தாங்கும் பேட்டரி. இதைச் சொல்லாமல் அந்த வீட்டில் கையெழுத்து வாங்குகிறவரை வியாபாரி என்று சொல்வதே மரியாதை.

மற்றவர்களுக்குக் கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள்தான். வீட்டில் உள்ள எல்லா கேஸ் கருவிகளின் பி.டி.யு., மீட்டரின் அளவு, குழாயின் நீளமும் விட்டமும். அதன் பிறகு ஃபர்னஸ், வெந்நீர், அடுப்பு எல்லாவற்றையும் போட்டு, ஜெனரேட்டரையும் முழுச் சுமையில் ஓடவிட்டு, அதன் நுழைவாயிலில் அளந்த அழுத்தம். இந்தத் தாளைத் தராமல் பெட்டியை விற்கக் கூடாது என்று சட்டமே போடலாம். சட்டம் போடுகிறவர்களின் வேகம் வேறு மாதிரி. 246 பேர் செத்த பிறகு 2021 ஜூனில், கேஸ் வயல்களைக் குளிர் தாங்கும்படி செய்ய வேண்டும் என்று டெக்ஸாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு விதி எழுதிய அதே ரயில்ரோடு கமிஷன் முதல் வரைவில் என்ன வைத்திருந்தது தெரியுமா? 150 டாலர் கட்டி ஒரு படிவம் கொடுத்தால், முக்கிய நுகர்வோர் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஊர் சிரித்த பிறகுதான் மாற்றினார்கள்.