நானாகப் போய்த் தங்கிய இரவு



அண்மையில் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். "அக்கா, வீட்டில ஆம்பிளைத் துணை இல்லை. வாகனமும் இல்லை. பிள்ளைக்கு இரண்டு வயது. நான் எங்க போறது? வேலைக்காடும் லயமும்தான்." அவளுக்குச் சொன்ன பதிலையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் விடுமுறை வந்தால் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு காட்டிலோ ஆற்றங்கரையிலோ இரண்டு நாள் தங்குவார்கள். அதற்கும் முகாம் என்றுதான் பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். 2009இல் வவுனியா முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். தறப்பாளுக்குக் கீழேதான் அவள் தவழப் பழகினாள். அவளுடைய தகப்பன் எங்களுடன் வந்து சேரவில்லை. இன்றுவரை தகவலும் இல்லை.

என் பெற்றோர் 1977 கலவரத்தின்போது சப்ரகமுவத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு ஓடியவர்கள். 2010இல் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் வந்தேன். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரியம்மாவின் லயக் காம்பராவில் ஒதுங்கினேன். காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போவேன். மாலையில் தூக்கி வருவேன். இப்படியே ஓராண்டு போயிற்று.

2011 பங்குனியில் தோட்டத்து ஆட்கள் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த கதைகளைச் சொன்னார்கள். நானும் போக வேண்டும் என்றேன். பெரியம்மா தலையில் கை வைத்தார். "ஒத்தப் பொம்பள, கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போவியாடி? நாலு பேரு என்ன பேசுவாங்க?" நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். புருஷன் விஷயம் தெரியாதவள் எதற்காகச் சாமி கும்பிடப் போகிறாள் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் போனேன்.

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை வழியாகவும், குருவிட்டை, எரத்னை வழியாகவும் மலைக்குப் பாதை உண்டு. அவை நீண்ட பாதைகள். கடைகள் குறைவு, அட்டை அதிகம். சிறு பிள்ளையோடு போக ஏற்றதல்ல. நல்லதண்ணிப் பாதையிலும் ஐயாயிரத்துக்கு மேல் படி இருக்கிறது. ஆனால் பருவகாலத்தில் இரவு முழுவதும் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை பருவகாலம். போயா தினமும் சனிக்கிழமை இரவும் பெருங்கூட்டம் வரும். நான் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். ஒரு நாள் பேர் மட்டுமே போயிற்று.

அவிசாவளையிலிருந்து வரும் ஹற்றன் பஸ் எங்கள் வழியாகத்தான் போகிறது. கித்துல்கலை, கினிகத்தேனை வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வயிறு நிறையக் கொடுத்து ஏற்றியது என் பிழை. ஹற்றனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போகும் பஸ்ஸில் ஏறினோம். மாலையில் போய்ச் சேர்ந்தோம்.

புறப்படுமுன் ஒரு துணியில் அவளுடைய பெயரையும் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிச் சட்டையின் உட்பக்கம் தைத்தேன். 2009இல் வெளியேறி வரும்போதும் இப்படித்தான் தைத்தேன். ஊசி கோக்கக் கை நடுங்கியது. இம்முறை இதைத் தைப்பது அவள் ஊர் பார்ப்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரவு ஒரு மடத்தில் இடம் கிடைத்தது. சிமெந்துத் தரை. படங்கை விரித்து, அதன் மேல் பாயும் பழைய சேலையும் போட்டேன். இன்னொரு சேலையின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை என் மணிக்கட்டிலும் கட்டினேன். அவள் அசைந்தால் எனக்குத் தெரியும்.

நடுச்சாமத்தில் காற்று எழும்பி, பக்கத்துக் கடையின் தறப்பாள் படபடவென்று அடித்தது. நான் திடுக்கிட்டு எழுந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். உடம்பெல்லாம் வியர்வை. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பிள்ளையோ நல்ல உறக்கம். பக்கத்துப் பாயில் படுத்திருந்த சிங்கள ஆச்சி எழுந்து உட்கார்ந்தார். "பய வென்ன எபா துவே" என்றார். பயப்படாதே மகளே என்று அர்த்தம். போத்தலிலிருந்து சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை வேறொன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு விடியும்வரை தூங்கினேன். அப்படித் தூங்கிப் பல காலமாகியிருந்தது.

காலையில் பிள்ளையைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தேன். ஜப்பானிய பிக்குமார் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தைக் கடந்து சீத கங்குல ஆறுவரை போனோம். முகம் கழுவினோம். உச்சிக்குப் போகவில்லை. அது 7,359 அடி. குளிரும் காற்றும் கடுமை. நான் ஒருத்தி அவளைச் சுமந்து ஏறி இறங்க முடியாது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் "கருணாவய்" என்று வாழ்த்திக்கொண்டு போனார்கள். மகளும் முதுகிலிருந்தபடி எல்லோருக்கும் அதைச் சொன்னாள்.

திங்கள் மாலை லயத்துக்கு வந்ததும் பெரியம்மா கேட்டார். "உச்சிக்குப் போனியா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்குடி போன?" யோசித்துவிட்டுச் சொன்னேன். "யாரும் துரத்தாம நானாப் போய், ஒரு ராத்திரி தங்கி, நானாத் திரும்பி வர முடியுமான்னு பாக்கப் போனேன் பெரியம்மா." அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைக்கு வெந்நீர் வைக்கப் போனார்.

சகோதரிகளே, நீங்கள் போக விரும்பினால் என் அனுபவத்திலிருந்து சில விடயங்கள்:

பையைச் சிறிதாகக் கட்டுங்கள். ஒரு கை பிள்ளைக்கு வேண்டும். பிள்ளைக்கு மூன்று மாற்றுடை, கம்பளித் தொப்பி, காலுறை ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஈர உடுப்போடு சிறு பிள்ளையை ஒரு நிமிடமும் விடாதீர்கள். குளிர் விரைவில் ஏறும்.

கொதித்தாறிய நீர், ரொட்டி, வாழைப்பழம், இரண்டு ஜீவனிப் பக்கற், பிள்ளையின் கிளினிக் அட்டை, கைவிளக்கு ஆகியவை போதும். பஸ் ஏறுமுன் அரை வயிறு உணவே கொடுங்கள்.

திரும்பி வரும் பஸ் காசை முதலில் எடுத்துத் தனியாக முடிந்து வையுங்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். குடும்பங்களும் பெண்களும் இருக்கும் பக்கத்தில் பாய் போடுங்கள். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் போகவே வேண்டாம். எந்த நாளிலும் பாதை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டே புறப்படுங்கள். அவசர நோய்க்கு 1990 எண்ணில் இலவச அம்புலன்ஸ் வரும்.

அந்தப் பையை நான் அவிழ்க்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கையில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிந்து லயத்து மக்கள் மாண்டனர். அந்த மழை இரவில் எங்களையும் லயத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். எல்லோரும் எதை எடுப்பது என்று தடுமாறினார்கள். ஏழு வயது மகள் கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்துக்கொண்டு வந்து, "அம்மா, மலைக்குப் போற பேக்" என்றாள். பாடசாலை மண்டபத்தில் படங்கை விரித்ததும் சேலை முனையைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தாள்.

கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சரிவில் வாழும் நமக்கு அப்படி ஓர் இரவு எப்போதும் வரலாம். மலை வெடித்தாலோ, ஊற்று நீர் கலங்கினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

அந்தப் பையை அவசரத்துக்கென்று மட்டும் கட்டி வைக்காதீர்கள். ஒரு தடவையாவது நல்ல காரியத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். மலைதான் என்றில்லை. பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவும், தங்கை வீட்டுத் திண்ணையும் போதும். பிள்ளைக்கு அது முதல் பயணமாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.