சத்தம் வந்தா கழட்டாதீங்க, முதல்ல கேளுங்க

வாழைக்கு மண் அணைச்சு முடிச்ச கையோட எழுதுறேன். இந்த வாரம் விவசாயம் இல்ல, நம்ம வீட்டு அம்பாசிடர் கதை. ஆனா சொல்ல வர்ற விஷயம் வயலுக்கும் பொருந்தும்.

ஜீயபுரம் பக்கம் எங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மேல யாருக்காவது நெஞ்சு வலின்னா இன்னைக்கும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. 91 மாடல் வண்டி. அப்பாவைக் கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் இதுலதான். உத்தர்பாராவுல 2014லயே அம்பாசிடர் உற்பத்திய நிறுத்திட்டாங்க. "வித்துருங்கப்பா"ன்னு பையன் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். எனக்கு மனசு வரல.

போன மாசம் பின்பக்கம் "ஊ...ஊ"ன்னு ஒரு சத்தம். நாப்பதுல ஆரம்பிச்சு அறுபதுல காது அடைக்கும். டவுன்ல ஒரு பட்டறையில விட்டேன். தெருவுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, "கிரவுன் பினியன் போயிருச்சு, ஆக்ஸிலையே மாத்தணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அது வாழைக்கன்னுக்கும் உரத்துக்கும் எடுத்து வச்சிருந்த பணம். மாத்தாம ஓட்டினா வீல் இறுகி நடுரோட்டுல நின்னுரும்னும் பயமுறுத்துனாங்க. ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல.

அப்புறம்தான் ஸ்ரீரங்கத்துல இருக்குற அண்ணன் ஒருத்தர் ஞாபகம் வந்தது. அரசு பஸ் டெப்போவுல முப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். போன் பண்ணினேன். "எதையும் கழட்டாத தம்பி, வண்டியோட வா"ன்னாரு.

வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கல. பின் சீட்டுல ஏறி உட்கார்ந்து, "ஓட்டு"ன்னாரு. காவிரிப் பாலத்துல இணைப்புக்கு இணைப்பு வந்த சத்தத்தைக் கேட்டுட்டு, "இது பாலத்து சத்தம், இதை விடு"ன்னாரு. அதைத் தாண்டி காலி ரோட்டுக்குப் போனதும் ஒவ்வொண்ணா செய்யச் சொன்னாரு.

முதல்ல டயர். நல்ல தார் ரோட்டுலயும் சொரசொரப்பான ரோட்டுலயும் ஓட்டிப் பார்க்கணும். ரோடு மாறும்போது சத்தமும் மாறினா அது டயர். எங்களுக்கு மாறல.

ரெண்டாவது இன்ஜின். வண்டியை நிறுத்தி நியூட்ரல்ல ரேஸ் பண்ணினேன். சத்தம் இல்ல. அப்ப இன்ஜின் இல்ல.

மூணாவதுதான் முக்கியம். அறுபதுல ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பாரு, காலை எடுத்துப் பாரு, இன்ஜினை ஆஃப் பண்ணாம நியூட்ரல்ல உருளவிட்டுப் பாருன்னாரு. மிதிக்கிறப்ப ஒரு மாதிரி, விடுறப்ப வேற மாதிரி சத்தம் வந்தா கிரவுன் பினியன் மேலயோ பினியன் பேரிங் மேலயோ சந்தேகப்படணும். கிளம்புறப்ப "டங்"குன்னு ஒரு அடி விழுந்தா யூ ஜாயிண்ட். எனக்கு மூணு விதத்துலயும் ஒரே ஊளைதான். வேகம் குறைஞ்சா மட்டும் குறைஞ்சது.

நாலாவது, ஸ்டியரிங்கை மெதுவா இடமும் வலமும் வளைக்கச் சொன்னாரு. இடது பக்கம் திருப்புனா வண்டியோட பாரம் வலது சக்கரத்துல விழும். அப்ப சத்தம் கூடுச்சு. வலது பக்கம் திருப்புனப்ப குறைஞ்சது. "வலது பின் வீல் பேரிங்"னு முடிச்சுட்டாரு.

வீட்டு வாசல்ல முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் போட்டு, பின் சக்கரத்தைக் கையால சுத்தினோம். ஆக்ஸில் குழாயோட முனையில கையை வச்சா வலது பக்கம் மட்டும் மணல் அரைக்கிற மாதிரி நரநரன்னுச்சு. டிரம்மைக் கழட்டினா ஆயில் சீல் கிழிஞ்சு பிரேக் ஷூவெல்லாம் எண்ணெய். நடுவுல இருக்குற பிளக்கைத் திறந்து விரல் விட்டா ஆயில் எட்டவே இல்ல. இருந்த கொஞ்சத்தை வடிச்சுப் பார்த்தோம், அதுல பெரிய இரும்புத் துணுக்கு எதுவும் இல்ல. கிரவுன் பினியன் பிழைச்சுது.

பேரிங், சீல், பிரேக் ஷூ, ஆயில் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சது. ஆயில்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்னாரு. இந்த ஆக்ஸில்ல பல்லு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே சுத்துறதால சாதாரண எண்ணெய் தாங்காது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான் ஊத்தணுமாம்.

இதுல என் தப்பும் இருக்கு. மூணு வருஷமா அந்த பிளக்கை நான் திறக்கவே இல்ல. வாசல்ல சொட்டுன எண்ணெயைப் பார்த்தும் 'பழைய வண்டி, அப்படித்தான்'னு விட்டுட்டேன்.

பட்டறைப் பையன்களையும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. வண்டிக்காரனும் சாயங்காலமே வேணும்னு நிப்பான். முழுசா மாத்திட்டா திட்டு விழாதுன்னு நினைக்கிறாங்க. ஆனா பாதிக்கப்படுறது யாரு? வாழை இலை மஞ்சளாச்சுன்னு கடைக்குப் போனா மூணு பாக்கெட் மருந்தை எடுத்து நீட்டுறதும் இதே கதைதான். சாம்பல் சத்துக் குறையா, இலைப்புள்ளியா, வேர்ல தண்ணி நிக்குதான்னு வயல்ல வந்து பார்க்க யாருக்கும் நேரம் இல்ல.

வாகனத்தைக் கழிச்சுக் கட்டுறது இப்ப சுலபமாயிருச்சு. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. புகை கக்குற வண்டி ஒழியட்டும், நானும் சம்மதம். ஆனா ஒரு பேரிங்குக்காக முழு ஆக்ஸிலும், ஒரு ஆக்ஸிலுக்காக முழு வண்டியும் காயலான் கடைக்குப் போகணுமா? காவிரிப் பாலத்தையே 2022 கடைசியில மூடி, பேரிங்கையும் இணைப்பையும் சரி பண்ணி, 2023ல திறந்தாங்களே. பழசாச்சுன்னு பாலத்தை இடிச்சா போட்டாங்க?

பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ஒண்ணு செய்யுங்க. எந்த வேகத்துல, மிதிக்கிறப்பவா விடுறப்பவா, எந்தப் பக்கம் திருப்புறப்ப சத்தம் வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு பட்டறைக்குப் போங்க. மெக்கானிக்கைப் பக்கத்துல உட்கார வச்சுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்க. வர மாட்டேன்னா வேற பட்டறை பாருங்க.

இப்பவும் அறுபதைத் தாண்டினா லேசா ஒரு முணுமுணுப்பு இருக்கு. அண்ணன்கிட்ட கேட்டேன். "முப்பது வருஷம் தேஞ்ச பல்லு தம்பி, அது பேசத்தான் செய்யும். ஆயிலை மட்டும் பாத்துக்க"ன்னாரு. போன வியாழக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பிரசவத்துக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனோம். ஆண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.