மாடு மேய்க்கப் போகிறவன்



"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்." இந்தச் சொல்லை நம் இல்லங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல இயலாமல் நின்ற ஒரு சிறுவனிடம், பிள்ளைகள் அனைவரும் கேட்கும்படி, நானும் அதைச் சொன்னேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் இரண்டு மாதங்கள் அவன் ஆலயத்தின் பக்கம் வரவில்லை.

மறுபடியும் அவனை நான் கண்டது, வேப்பந்தட்டைப் பகுதியில் ஒரு கிராமத்திற்கு ஜெபிக்கச் சென்ற வழியில். அங்கே கால்நடை பராமரிப்புத் துறையினரின் முகாம் நடந்துகொண்டிருந்தது. நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இத்தகைய முகாம்களை நீங்கள் அறிவீர்கள். ஒருபுறம் குடற்புழு நீக்க மருந்து, தடுப்பூசி, சினைப் பரிசோதனை. மறுபுறம் மரநிழலில் கிடேரிக் கன்றுகளின் கண்காட்சி. பெற்றோர் வயலுக்குப் போய்விடுவதால், கயிற்றைப் பிடித்து நிற்பவர்களில் பலர் பிள்ளைகளே. அந்த வரிசையில், நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த ஒரு செவலைக் கன்றோடு அவன் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கன்றின் அழகைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடுவார்கள் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். அப்படி அல்ல. மருத்துவர் கன்றின் வளர்ச்சியையும் தோலின் பளபளப்பையும் பார்த்தபின், வளர்த்தவனிடம் கேள்விகளைத் தொடுத்தார். சீம்பால் எப்போது கொடுத்தாய்? பிறந்த ஒரு மணி நேரத்திற்குள், என்றான். முதல் குடற்புழு மருந்து? பத்தாம் நாள். கிடேரிகளுக்கு நான்கு மாதம் முதல் எட்டு மாதத்திற்குள் ஒரே ஒருமுறை போடப்படும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி? போட்டாயிற்று. காதுவில்லையின் எண்? அதில் 12 இலக்கங்கள் உண்டு. கன்றைத் திரும்பிப் பாராமலே பன்னிரண்டையும் சொன்னான். என்னிடம் ஒரு வசனம் சொல்ல இயலாதவன்!

இக்கேள்விகள் வெறும் சடங்கல்ல. சீம்பாலில்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. நேரம் கடந்தால் அதைக் குடல் ஏற்காது. நன்றாய் வளர்ந்த கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதளவில் சினைக்குத் தயாராகும். கவனியாமல் விட்டால் அது மாதக்கணக்கில் பிந்தும். அத்தனை மாதமும் தீவனச் செலவு உண்டு, பால் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிற நம் சபைத் தாய்மாருக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு குறை எனக்குப் பட்டது. நம் வட்டாரத்துக்கே உரிய திருச்சி கருப்பு ஆட்டை அந்த நிழலில் நான் காணவில்லை. அதன் மயிரைக் கத்தரித்துக் கம்பளி நெய்த காலம் ஒன்று உண்டு. மேற்கே கண்ணபுரத்தில் சித்திரையிலும் அந்தியூரில் ஆடியிலும் கோயில் திருவிழாக்களை ஒட்டிப் பெரிய கால்நடைச் சந்தைகள் கூடுகின்றன. காங்கேயம் காளையையும் பர்கூர் மலைமாட்டையும் நடத்திக் காட்டுகிற இளைஞனை அங்கே ஒருவரும் படிப்பு வராதவன் என்று பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம். (நம் வீட்டுப் பசுக்களுக்கும் லட்சுமி என்றே பெயர் வைக்கிறோம். அதைப் பற்றி நான் பிரசங்கம் செய்யப்போவதில்லை.)

சொல்லையே பாருங்கள். ஆயர் என்றால் பசுக்களை மேய்க்கிறவர். நம் திருச்சபைத் தலைவரைப் பேராயர் என்று மரியாதையோடு அழைக்கிறோம். என்னை மேய்ப்பர் என்கிறீர்கள், நானும் மகிழ்கிறேன். அதே வாயால் அந்தத் தொழிலை வசவாக்குகிறோம். போர்க்களத்துக்கு வந்த தாவீதிடம், வனாந்தரத்தில் அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசம் விட்டாய் என்று மூத்தவன் எலியாப் ஏளனமாய்க் கேட்டான் அல்லவா? அன்று ஞாயிறு பள்ளியில் நான் எலியாபின் இடத்தில் நின்றேன்.

இதை வீட்டு ஜெபக்கூட்டமொன்றில் சொன்னபோது, முதிய தாயார் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஐயா, நாங்கள் மேய்த்தது எங்கள் மாட்டை அல்ல. எட்டு வயதில் என்னைப் பண்ணையில் விட்டார்கள். ஒருவேளைக் கூழுக்கு நாள் முழுதும் மேய்த்தேன். என் பேரனுக்கு அது வேண்டாம் என்றுதான் அந்தச் சொல்லைச் சொல்கிறோம்." அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் வாயில் அது வசவு அல்ல, பயம். பள்ளிக்கூடம் நம் பெற்றோரை எதிலிருந்து விடுவித்தது என்பதை மறந்துவிட்டு மாட்டுத் தொழுவத்தைப் புகழ்கிறவன் பொய் சொல்லுகிறான்.

ஆயினும் அந்தத் தாயாருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்வேன். இவன் பிடித்திருந்த கயிறு இவனுடையது. கன்று இவன் வீட்டு வாசலில் பிறந்தது. இவன் பள்ளிக்கும் போகிறான். பாட்டியிடமிருந்து பறிக்கப்பட்டது இவனிடம் சொத்தாக வந்திருக்கும்போது, அதைக் காட்டி இவனை வெட்கப்படுத்துவது நியாயமல்ல. எனவே இனி நம் ஞாயிறு பள்ளியில் அந்தச் சொல் ஒலிக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனிடம் பிள்ளைகள் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

அன்று அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அருகில் வந்து கேட்டான்: "ஐயா, அறுப்பின் பண்டிகைக்குக் கன்றைக் கொண்டுவரலாமா? ஏலத்துக்கு இல்லை. காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்." நாம் இதுவரை ஆலயத்துக்குக் கொண்டுவந்த ஆடும் கோழியும் ஏலத்தில் விலை போயினவே தவிர, அவற்றை வளர்த்த பிள்ளை யாரென்று நாம் கேட்டதில்லை. வரட்டும் என்பதே என் கருத்து. சபைக் கமிட்டியில் சிலர் ஆலய முற்றம் அசுத்தமாகுமே என்கிறார்கள். சாணத்தை நானே அள்ளுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.