கத்துற கிளிப் பொம்மைக்குள்ள என்ன இருக்கு?

கொஞ்சம் நீளமான இழை. வீட்ல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருக்கிறவங்களும், கொலுவுக்கும் ஷோகேஸுக்கும் பொம்மை சேர்க்கிறவங்களும் கட்டாயம் படிங்க.

திருவையாறு பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி, ரெண்டு வயசுப் பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. நாலு நாளா மூக்கு ஒழுகுது. "சளின்னு நெனச்சு மருந்து குடுத்தோம் தம்பி, நிக்கல." பார்த்தால் ஒரு பக்க மூக்கில் மட்டும்தான் ஒழுகல். கருப்பா, நாத்தத்தோட.

சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாத்தத்தோட ஒழுகினால், உள்ளே ஏதோ மாட்டியிருக்குன்னுதான் முதலில் சந்தேகப்படணும். பாசிமணி, புளியங்கொட்டை, ரப்பர் துண்டு எல்லாம் எடுத்திருக்கோம். இந்தத் தடவை எக்ஸ்ரேவில் வட்டமா ஒரு வெள்ளை, அதன் விளிம்பில் இரட்டை வளையம். பட்டன் பேட்டரி.

எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரில் இருக்கிற அத்தை பல வருஷமா சேர்த்துக் கொலுவுக்கு அனுப்பின பஞ்சுப் பறவைகள். ஆந்தை, கொக்கு, பென்குயின், கிளி. கிளி வயித்தை அமுக்கினால் கத்தும். கொலு எடுத்து வைக்கும்போது பையன் அழுதான், கிளியை மட்டும் கையில் கொடுத்துட்டாங்க. வயித்துத் தையல் பிரிஞ்சிருந்ததை யாரும் கவனிக்கல.

அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். பஞ்சு பொம்மைக்குள்ள பஞ்சுதானே இருக்கும்னு யாரும் நினைப்போம். அது எப்போதிலிருந்து அப்படி இல்லாமல் போச்சுன்னு தேடிப் படிச்சேன். சுவாரசியமான கதை.

ஜெர்மனியில் 1847-இல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயசில் போலியோ. கால்கள் போச்சு, வலது கையிலும் பலமில்லை. வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். (சொட்டு மருந்து வேண்டாம்னு வாட்ஸ்அப்பில் அனுப்புறவங்க இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு போங்க.) தையல் கத்துக்கிட்டார். ஊசி குத்தி வைக்கறதுக்கு யானை மாதிரி ஒரு சின்ன மெத்தை தைச்சார். குழந்தைகள் அதைப் பிடுங்கி விளையாட ஆரம்பிச்சாங்க. 1880-இல் தொடங்கின அந்தக் கம்பெனிதான் இன்றைக்கும் உலகத்தின் பேர்போன பஞ்சு பொம்மைக் கம்பெனி. 1904 முதல் காதில் ஒரு உலோகப் பொத்தான் வைத்துத் தங்கள் பொம்மைன்னு அடையாளம் காட்டினாங்க. பின்னால் சேகரிக்கிறவங்க முதலில் பார்க்கிறதே அந்தப் பொத்தானைத்தான்.

1930-களில் அதே கம்பெனி உல்லன் நூலைப் பந்தாகக் கட்டி, உள்ளங்கைக்குள் அடங்குற குட்டிப் பறவைகள் செய்தது. கால் கம்பியில். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் டாக்டர் கண்ணில் பாருங்க: கம்பிக் கால், குத்தி வைத்த கண். குழந்தை வாயில் போகக்கூடாத ரெண்டும் அதில் இருக்கு. நான் இதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பேனே தவிர, தொட்டிலில் போட மாட்டேன்.

அடுத்தது 1990-கள், அமெரிக்கா. டை கம்பெனியின் பீனி பேபீஸ். பஞ்சோடு பிளாஸ்டிக் மணிகளையும் போட்டுத் தைச்ச பொம்மைகள். கனம் இருப்பதால் வைத்த இடத்தில் உட்காரும். நம்ம தலையாட்டி பொம்மைக்கு அடியில் கனம் வைக்கிற மாதிரிதான், என்ன, இது சாய்ச்சால் நிமிராது. அதில் குவாக்கர்ஸ் என்று ஒரு வாத்து. முதலில் வந்ததற்கு இறக்கையே இல்லை. அப்புறம் இறக்கை வைத்துத் தைச்சாங்க. அதனால் இறக்கையில்லாத வாத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொன்னாங்க! கம்பெனி ஒவ்வொரு பொம்மையா "இனி வராது"ன்னு நிறுத்த, ஜனங்க பெட்டி பெட்டியா வாங்கிப் பதுக்கினாங்க. அட்டை மடங்கினால் விலை போயிடும்னு அட்டைக்கே பிளாஸ்டிக் உறை. 2000-க்குப் பிறகு விலை சரிஞ்சது. அப்போ பதுக்கினது எல்லாம் என்ன ஆச்சு? பெரும்பாலும் வீட்டுப் பரணிலிருந்து பேரப்பிள்ளைங்க கைக்கு இறங்கிடுச்சு. இருபது முப்பது வருஷப் பழைய தையல், உள்ளே மணி. பிரிஞ்சால் என்ன ஆகும்னு சொல்லணுமா?

பிறகு வந்ததுதான் கத்துற பறவைகள். அமெரிக்காவில் ஆடுபான் பெயரில் ஒரு வரிசை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் பதிவு செய்த நிஜக் குரலையே உள்ளே வைத்திருப்பாங்க. பறவை பார்க்கிறவங்க ஒவ்வொன்றாக வாங்கி வரிசையா அடுக்குவாங்க. நல்ல யோசனை, மறுக்கல. ஆனால் குரல் வேணும்னா பேட்டரி வேணும். பொம்மை சின்னதுன்னா பேட்டரியும் சின்னது. இந்த மாதிரி கத்துற, சிமிட்டுற பறவைகள் இன்றைக்குத் தேர்க்கடையிலும் கிடைக்குது. பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

பேட்டரி உள்ளே போனால் என்ன ஆகும்? அது ஈரமான சதையைத் தொட்டதும் மின்சாரம் ஓடும். ஓடின இடத்தில் காரம் உண்டாகும். அது சதையை அரிக்கும். கசிவு வேண்டாம், பேட்டரி உடையவும் வேண்டாம். பொம்மைக்கு "தீர்ந்துபோன" பேட்டரியிலும் இதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். உணவுக்குழாயில் மாட்டினால் ரெண்டு மணி நேரத்திலேயே பெரிய புண். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் வர நூறு கிலோமீட்டருக்கு மேல். கணக்கு போட்டுப் பாருங்க.

அதனால் முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே கிளம்புங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. சோறு, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீங்க. ஒரு வயசு தாண்டின குழந்தை, முழுங்கி 12 மணி நேரத்துக்குள், முழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வைத்தியம் எண்டோஸ்கோபிதான். தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை விடாதீங்க. ஒரு வயசுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. மூக்கில் போயிருந்தால் சொட்டு மருந்து, உப்புத் தண்ணி எதுவும் விடாதீங்க, ஈரம் கூடினால் அரிப்பும் கூடும்.

இப்போ என் கருத்து. திட்டறவங்க திட்டிக்கோங்க.

சேகரிப்புப் பொம்மை வேற, விளையாட்டுப் பொம்மை வேற. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 பொம்மைச் சட்டமே, 14 வயசுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்குன்னு அச்சடிச்ச பொருளைப் பொம்மைக் கணக்கில் சேர்க்கிறதில்லை. பொம்மைக்கான பாதுகாப்பு விதி அதுக்குப் பொருந்தாது. நாமோ "விலை ஜாஸ்தி, அப்போ தரமாத்தான் இருக்கும்"னு குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை பார்த்து வாங்குங்க. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா பாருங்க. வெல்க்ரோ ஒட்டி மூடினதுன்னா மூணு வயசுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்ததுக்கும் புவிசார் குறியீடு பெற்றதுக்கும் அந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. நம்ம தஞ்சாவூர் பொம்மை அதில் வரும். அதையும் கடிக்கக் கொடுக்காதீங்க, தட்டி ஆடவிட்டுப் பார்க்கிற பொம்மை அது. கொலுப்படியில் கை வைக்காதேன்னு நம்ம பாட்டிங்க அதட்டினதை அந்தக் காலத்தில் கொடுமைன்னு நினைச்சேன். இப்போ அவங்க கட்சி.

"அப்போ குழந்தை பறவைக் குரல் கேட்கவே கூடாதா?"ன்னு ஒருத்தர் கேட்பார். காலையில் ஆறு மணிக்கு வாய்க்கால் கரைக்குத் தூக்கிட்டுப் போங்க சார். செண்பகமும் மீன்கொத்தியும் பேட்டரி இல்லாமலே கத்தும். பூநாரைப் பொம்மை வாங்கித் தர்ற நம்ம ஊர் ஆட்களில் எத்தனை பேர் குழந்தையைக் கோடியக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் நிஜப் பூநாரையைக் காட்டியிருப்போம்?

பையனுக்குப் பேட்டரியை காது மூக்கு தொண்டை டாக்டர் எடுத்துட்டார். ஆனால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துடுச்சு. அது தானா மூடாது. வளர்ந்த பிறகு பார்க்கணும்.

மறுபடி காட்ட வந்தப்போ கிளியும் கூட வந்தது. பாட்டி பேட்டரி டப்பாவை வெட்டி எறிஞ்சுட்டு, பழைய வேட்டித் துணியை அடைச்சு, வயித்தைக் கெட்டியா தைச்சுட்டாங்களாம். "இப்போ கத்த மாட்டேங்குது தம்பி. இவன்தான் அதுக்குப் பதிலா கத்துறான்."