கைநாட்டுக்கு முன்னே ஒரு கேள்வி

"ஆஸ்பத்திரியில ஏதோ புது மருந்து சோதனைன்னு ஒரு பாரம் குடுத்தாங்க. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வி தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் எழத்தான் செய்யும். கேட்டவுடனே இரண்டு விதமான பதில் வரும். "நாம என்ன எலியா, முயலா, நம்ம உடம்புல பரீட்சை பண்ணிப் பார்க்க? பேசாம வந்துடு" என்பது ஒன்று. "டாக்டர் படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், போட்டுக் குடுத்துடு" என்பது மற்றொன்று.

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! இந்த இரண்டு பதிலும் தவறு. பயந்து ஓடுவதும் கூடாது. மரியாதைக்காகக் கையெழுத்துப் போடுவதும் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மருந்துச் சோதனை என்றால் என்ன? பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. புது ஒட்டு ரகம் ஒன்று வந்தால், அதை எடுத்த எடுப்பிலே ஆயிரம் ஏக்கரில் நட்டுவிடுவதில்லை. ஒரே மண்ணில் பழைய ரகத்தை ஒரு பக்கமும் புது ரகத்தை மறுபக்கமும் நட்டு, ஒரே மாதிரி உரம் போட்டு, ஒரே மாதிரி வெட்டி, இரண்டு பக்கத்துப் பாலையும் நிறுத்துப் பார்த்த பிறகுதான் "இது நல்ல ரகம்" என்று சொல்வார்கள். மருந்தும் அப்படியே. ஒரே நோயுள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் புது மருந்தும் மற்றதுக்கு வழக்கமான மருந்தும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சில சோதனைகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுப்பதும் உண்டு.

யார் எந்தக் கூட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் முடிவு செய்வார்கள். டாக்டர் தன் இஷ்டத்துக்குப் பிரித்தால், தெம்பான ஆளுக்குப் புது மருந்தும் நொந்துபோன ஆளுக்குப் பழைய மருந்தும் போய்ச் சேரலாம். அப்புறம் ஜெயித்தது மருந்தா, ஆளின் உடம்பா என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை சரி. ஆனால் மரத்துக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மரத்தைக் கேட்க வேண்டியதில்லை. மனிதனைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் செய்த சோதனை ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

நூறு வருசத்துக்கு முன்னே மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆளைக் கொன்று குவித்தது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் நின்று போகும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி. நம்மவர் சாப்பிட்டது புழுங்கலரிசி. "குற்றம் அரிசியில்தான்" என்றார் அவர். பலர் நம்பவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் ஆஸ்பத்திரி. 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் பெரட்டுக்கு நிறுத்துவது போல வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர் ஒரு வார்டு, இரட்டைப்படை எண்காரர் மறு வார்டு. ஒரு வார்டுக்குப் பழையபடி சயாம் வெள்ளையரிசி. மறு வார்டுக்குப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. ஒரு வருசம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 120 பேர். வெள்ளையரிசிப் பக்கத்தில் 30 பேருக்கு மேல் நோய் கண்டது. 18 பேர் செத்துப் போனார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் ஒரு சாவுகூட இல்லை.

அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு டாக்டர்கள், ரோடு போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களிடையே நெகிரி செம்பிலானில் இதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார்கள். நோயைத் தடுக்கும் சத்து அரிசியின் மேல்தோலில் இருக்கிறது. மில்லில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கினால் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயப்போட்ட வேலைக்குள்ளே இவ்வளவு பெரிய மருந்து இருந்தது!

இந்தச் சோதனையால் உலகமே நன்மை அடைந்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்த 18 பேரை யார் கேட்டார்கள்? மனநோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார்களே தவிர, "இப்படிச் செய்யப் போகிறோம், உனக்குச் சம்மதமா?" என்று கேட்கும் வழக்கமே அன்று இல்லை. அவர்களுக்காகப் பேச ஓர் ஆளும் இல்லை. பேச ஆள் இல்லாதவன் மேல்தான் முதல் சோதனை விழும். இதைத் தொழிலாளி மறக்கக் கூடாது.

இதைவிடக் கொடுமை அமெரிக்காவில் நடந்தது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரைச் சுற்றி, பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த ஏழைக் கறுப்பர்கள் சுமார் 600 பேரை, அந்நாட்டு அரசாங்கச் சுகாதார இலாகா 1932-இல் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய். நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "உனக்குக் கெட்ட இரத்தம்" என்றார்கள். பார்க்க வரும் நாளில் இலவசச் சாப்பாடு கொடுத்தார்கள், வண்டியில் ஏற்றி வந்தார்கள், செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் என்றார்கள். வைத்தியம் நடக்கிறது என்று அந்த ஏழைகள் நம்பினார்கள். நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகும் என்று வேடிக்கை பார்த்ததுதான் நடந்தது. 1940-களில் பெனிசிலின் வந்து, அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து அதுவே என்று ஊரறிந்த பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 40 வருசம்! 1972-இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே அது நின்றது. 1997-இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எத்தனை குடும்பம் அழிந்தது!

இலவசச் சாப்பாட்டையும் வண்டிச் சவாரியையும் காட்டி ஏழையை மடக்குவது நமக்குத் தெரியாத வித்தையா? கப்பல் ஏறிய காலத்திலிருந்தே பார்த்த வித்தைதானே!

இப்படிப்பட்ட அநியாயங்களுக்குப் பிறகுதான் சட்டதிட்டம் பிறந்தது. ஜெர்மனியில் நாஜி டாக்டர்கள் கைதிகள் மேல் செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம், மனிதன் தானாக மனமொப்பிச் சம்மதிக்காமல் அவன்மேல் சோதனை செய்யக் கூடாது என்று 1947-இல் விதித்தது. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சின்கியில் கூடி டாக்டர்களுக்கு விதிமுறை வகுத்தது. இன்று நம் நாட்டிலும் எந்த மருந்துச் சோதனையானாலும், நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதி கொடுத்த பிறகே ஆளைச் சேர்க்கலாம். டாக்டர்கள் மட்டுமல்லாமல் வெளியாட்களும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

முறையாகக் கேட்டு, முறையாகச் செய்த சோதனையால் ஏழைக்கு என்ன லாபம்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் காசநோய் கண்டவரை வீட்டை விட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் போட்டு வைப்பார்கள். சம்பாதிக்கிறவன் போய்விட்டால் பிள்ளைகள் பட்டினி. 1956-இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்தும், பாதிப்பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், ஒரே மாத்திரையை ஒரு வருசம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டிலோ நெருக்கடி, வறுமை. அப்படியிருந்தும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் பரவவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. காசநோய்க்காரர் குடும்பத்தோடு இருந்துகொண்டே மருந்து சாப்பிடலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்தச் சென்னை ஏழைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொன்று நேற்று நடந்தது. 2021-இல் கொவிட் கோரத்தாண்டவம் ஆடியபோது, "ஐவர்மெக்டின் போட்டா சரியாயிடும்" என்று ஊரெல்லாம் பேச்சு. கறுப்புச் சந்தையில் வாங்கி விழுங்கியவர்களும் உண்டு. நம் சுகாதார அமைச்சின் டாக்டர்கள் 20 அரசாங்க ஆஸ்பத்திரிகளில், சம்மதம் கொடுத்த 490 நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரை போட்ட 241 பேரில் 52 பேருக்கும், போடாத 249 பேரில் 43 பேருக்கும் நோய் கடுமையானது. நோய் முற்றுவதை அந்த மாத்திரை தடுக்கவில்லை என்று 2022-இல் உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர்கள் நம் நாட்டவர். பலன் இல்லை என்று தெரிவதும் பெரிய பலன்தான். காசும் மிச்சம், உடம்பும் மிச்சம்.

இனி நம்ம கதைக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 10 பேருக்கு 3 பேர் இனிப்பு நீர்க்காரர்கள். மற்ற இனத்தாரைவிட நாம்தான் இதில் முன்னே நிற்கிறோம். பெருமைப்பட வேண்டிய முன்னிலை அல்ல. காலை இழந்தவர், கண்ணை இழந்தவர், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர் இல்லாத உறவு வட்டம் நம்மில் எது? அந்த நோய்க்கு வரும் மருந்து நம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று யாரை வைத்துப் பார்ப்பது? நம்மவர் ஒருவரும் சேராவிட்டால், வேறு நாட்டு வெள்ளைக்காரன் உடம்பில் கண்ட கணக்கை வைத்தே நமக்கு மருந்து அளப்பார்கள். ஆகவே, ஒரேயடியாக ஓடிவிடாதீர்கள்.

ஆனால் கேளுங்கள். கூட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் சங்கம் கையெழுத்துப் போடுமா? உங்கள் உடம்பு அதைவிட மட்டமா?

முதலில், இது சோதனையா, வழக்கமான வைத்தியமா என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதித்ததா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். சேராவிட்டால் வழக்கமான மருந்து கிடைக்குமா? கிடைத்தே ஆக வேண்டும். இடையில் விலக முடியுமா? எந்த நேரத்திலும் விலகலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. என்னென்ன கெடுதி வரலாம்? எத்தனை தடவை இரத்தம் எடுப்பார்கள்? வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்பு உண்டா? உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவும் நட்ட ஈடும் யார் பொறுப்பு? இதெல்லாம் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும். "காசு கட்டு, சேர்த்துக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் நம்பாதீர்கள். வியாபாரிதான் அப்படிக் கேட்பான்.

மலாயோ ஆங்கிலமோ புரியவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். "தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து, எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. தாளை வீட்டுக்குக் கொண்டு போய், படித்த பிள்ளையிடம் காட்டி, யோசித்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கக் கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகமோ குத்தகைக்காரரோ "நீ போய்ச் சேரு" என்று எந்தத் தொழிலாளியையும் அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் இந்தோனேசியத் தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு. பாஷை தெரியாமல், ஆள் பலம் இல்லாமல் நிற்கும் அவர்கள்தான் இன்று அந்தப் பழைய வரிசையில் நிற்கக்கூடியவர்கள். அவர்களுக்காகவும் நாம் கேட்க வேண்டும்.

1905-இல் எண் போட்டு நிறுத்தப்பட்டவர்களுக்கு வாய் திறக்க வழியில்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் பாரம் நீட்டினால், பேனாவைக் கையில் எடுக்கும் முன்னே வாயைத் திறந்து கேளுங்கள். பதில் மனசுக்குச் சரியென்று பட்டால் தாராளமாகச் சேருங்கள். படாவிட்டால் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் வழக்கமான மருந்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.